கற்றுக்குட்டியின் பாகசாஸ்திரம்

தஞ்சைச் சீமையில் சோறு வடிக்கக் கற்றவர் எவரும் அதை ஏட்டைப் பார்த்துக் கற்றதில்லை. உலைநீர் கொதிக்கும் ஓசை மாறுவதைச் செவியாலும், அரிசி வெந்த பதத்தை இரு விரல்களுக்கிடையே நசுங்கும் ஒரு பருக்கையாலும், பானையைச் சாய்க்கவேண்டிய தருணத்தைக் கஞ்சியின் கனத்தாலும் அறிந்துகொண்ட பெண்டிர், அந்த ஞானத்தைத் தம் பெண்மக்களுக்கு அருகில் நிற்கவைத்தே கைமாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கென ஒரு நூல் இயற்றவேண்டும் என்ற எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் உதித்திராது. ஆகையால் எங்கேனும் ஒரு சமையல் நூல் எழுதப்பட்டிருக்கக் கண்டால், தன் கைக்குப் பழக்கமில்லாத ஒரு பதார்த்தத்தின் முன்னால் யாரோ ஒருவர் திகைத்து நின்றிருக்கிறார் என்று அனுமானித்துக்கொள்வது என் வழக்கம். பாகசாஸ்திரம் என்பது கற்றுக்குட்டிகளின் சாஸ்திரம். கைதேர்ந்தவர்கள் அதைப் புரட்டுவதில்லை.

இந்த அனுமானத்துக்குத் தஞ்சாவூரிலேயே ஒரு சான்று உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்து அரண்மனைச் சமையலை மராத்தியில் பதிவுசெய்த சுவடியொன்று சரஸ்வதி மகால் நூலகத்தில் இருந்து, ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற பெயரில் அச்சேறியும் இருக்கிறது. அதில் மரக்கறி உணவும் மாமிச உணவும் இடம்பெற்றிருப்பதில் வியப்பொன்றுமில்லை. அவற்றோடு ஆங்கிலேய முறைப் பதார்த்தங்களும் எழுதிவைக்கப்பட்டிருப்பதே விசேஷம். 1777இல் பிறந்து, துளஜா மன்னரால் சுவீகாரம் செய்துகொள்ளப்பட்டு, ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸிடம் பாடம் கேட்டு வளர்ந்த சரபோஜி, 1798இல் பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டே ஒரு உடன்படிக்கையின் மூலம் இராஜ்யம் முழுவதும் கும்பினியார் வசமாகி, தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிலவரியில் ஐந்தில் ஒரு பங்குமே அவருக்கு மிஞ்சின. ஆள நாடில்லாத அந்த அரசர் அதன்பின் தம் ஆயுள் முழுவதையும் எதை எதையோ சேகரிப்பதிலும், சோதிப்பதிலும், எழுதுவிப்பதிலும் கழித்தார் என்பதும், அவர் வாங்கிய ஆங்கில நூல்களில் அவருடைய கையொப்பம் இன்றும் காணக்கிடைக்கிறது என்பதும், தம் மருத்துவக் கூடமான தன்வந்திரி மகாலில் கண்டறிந்த மருந்து முறைகளைத் தமிழ்ச் செய்யுளாகவே புலவர்களைக் கொண்டு பாடுவித்தார் என்பதும் பலரும் அறிந்தவை. 1826இல் அவரைச் சந்தித்த ஹீபர் அத்தியட்சர், லாவோசியே, லின்னேயஸ், பூஃபோன் முதலிய சாஸ்திரிகளின் பெயர்களை இவ்வளவு சரளமாக எடுத்தாளும் ஒரு சுதேச மன்னரைக் கண்டு அதிசயித்திருக்கிறார்.

மருந்தை எழுதுவித்தவர் உணவை எழுதுவித்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் ஆர்வமூட்டுவது மன்னரைக் காட்டிலும் அவருடைய மடைப்பள்ளியில் நின்ற சமையற்காரர்களே. கண்ணை மூடிக்கொண்டு புளிச்சாறும் வடையும் செய்யத் தெரிந்த, மராத்திய மாமிச பாகங்களில் தலைமுறைப் பழக்கம் உள்ள அந்தப் பெரிய கைகள், துரைமார்கள் விருந்துக்கு வரும் நாளில், எந்தக் குழந்தைப் பிராயத்திலும் நாவில் படாத ஒரு பண்டத்தைச் செய்யவேண்டி நேர்ந்தபோது, உப்பு இவ்வளவு, நெய் இவ்வளவு, நெருப்பு இப்படி என்று எவரேனும் வாசித்துச் சொல்லக் கேட்டுத்தானே செய்திருக்கவேண்டும்? பணி ஓய்வுக்குப் பிறகு அடுப்படிக்குள் நுழைந்து, கொத்துக்கறியின்மேல் மசித்த உருளைக்கிழங்கைப் போர்த்தி ஓவனில் ஏற்றுகிற ஆங்கிலேயப் பண்டத்தைச் செய்து பார்க்கப் புறப்பட்ட என் போன்ற ஒருவனுக்கு, அவர்களை நினைத்துக்கொள்வதில் ஒரு தைரியம் பிறக்கத்தான் செய்கிறது.

இந்தப் பண்டத்துக்கு ஆங்கிலேயர் இரண்டு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். காட்டேஜ் பை என்பது 1791 அளவிலேயே எழுத்தில் வந்துவிட்டது; ஷெப்பர்ட்ஸ் பை என்னும் மேய்ப்பன் பெயர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்து சேர்ந்தது. மாட்டிறைச்சியானால் முன்னது, ஆட்டிறைச்சியானால் பின்னது என்ற பாகுபாடு பிற்காலத்தார் செய்துகொண்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஞாயிற்றுக்கிழமை முழுத் தொடையாக வாட்டி உண்ட இறைச்சியில் எஞ்சியதைத் திங்களன்று பொடியாகக் கொத்தி, அதன் வறட்சியை மறைக்கச் சாறு சேர்த்து, மேலே மலிவான கிழங்கை மெத்தையிட்டு, குடும்பத்துக்குப் புது உணவுபோல் படைப்பது. சிக்கனத்தில் பிறந்த பண்டம் அது. குளிர்நாட்டில் இறைச்சி ஓர் இரவு கெடாமல் கிடக்கும் என்ற சௌகரியத்தின்மேல் அதன் சரித்திரம் முழுதும் கட்டப்பட்டிருக்கிறது. நம் ஊரிலோ மிச்சம் என்பது சோற்றுக்கு உரியது. நீர் ஊற்றி வைத்தால் காலையில் அது வேறொரு உணவாகிவிடும். கறியைச் சமைத்த அன்றே தீர்ப்பது அல்லது மீண்டும் மீண்டும் சுண்டவைப்பது என்ற இரண்டு வழிகளே நமக்கு இருந்தன. ஆகவே தஞ்சாவூரில் இப்பண்டத்தைச் செய்பவன் மிச்சத்திலிருந்து துவங்க முடியாது, கறிக்கடையிலிருந்துதான் துவங்கவேண்டும்.

மேய்ப்பன் பெயர் எப்படி வந்தது என்று யோசிக்கும்போது, நம் பக்கத்து மேய்ப்பர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெறிச்சோடிக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருகிறார்கள். இரவில் தாளடி நிலங்களில் கிடை போட்டு, ஆட்டுப் புழுக்கையும் நீரும் வயலுக்கு உரமாக, அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ பெற்று, ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஊர் திரும்புகிறார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தைச் சேர்ந்த சு. தமிழ்ச்செல்வி அவர்கள் வாழ்க்கையை ‘கீதாரி’ என்ற பெயரில் நாவலாகவே எழுதியிருக்கிறார். மந்தைதான் அவர்களுக்கு மூலதனம். மூலதனத்தை அறுத்துத் தின்பவன் மேய்ப்பனாக நீடிக்கமாட்டான். ஆங்கிலேயக் கிராமத்து இடையனுக்கும் இதே கதிதான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்; அவன் பெயரைப் பண்டத்துக்குச் சூட்டியவர்கள் நகரத்து வீட்டுப் பெண்மணிகளாகவே இருக்கவேண்டும்.

மேலே வரும் கிழங்கின் விஷயம் இன்னும் வினோதமானது. நெல்லுக்கென்றே படைக்கப்பட்டதுபோன்ற இந்தக் களிமண் பூமியில் உருளைக்கிழங்கு விளைவதில்லை. கிழங்கு பருக்கவேண்டுமானால் இராப்பொழுது நன்றாகக் குளிரவேண்டும், காலடியில் நீர் தங்காத இளகிய மண் வேண்டும். 1820களில் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்த பிறகே தென்னாட்டில் அதற்கு ஓர் உறைவிடம் கிடைத்தது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்த 1873க்குப் பின்னர் அது சமவெளியெங்கும் இறங்கிவரும் வழி சுலபமாயிற்று. இன்று கல்யாண விருந்திலும் காலைச் சிற்றுண்டியிலும் உருளைக்கிழங்கு இல்லாத தஞ்சாவூரை நினைக்கவே முடியாது. இருந்தும், வைதிகக் குடும்பங்களில் திவசச் சமையலுக்கு இன்றுவரை அது ஆகாது. வாழைக்காய், சேனை, சேம்பு, புடல், பாகல் என்று அந்தக் கறிகாய் வரிசை ஓடும்போது, முட்டைக்கோஸோடும் காரட்டோடும் சேர்த்து இங்கிலீஷ் காய்கறி என்று அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பிதிர்கள் தாம் உயிரோடிருந்தபோது உண்ணாததை இப்போது ஏன் உண்ணவேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. எனக்கு அந்த நியாயம் பிடித்தே இருக்கிறது. இருநூறு வருஷம் வாழ்ந்தாலும் ஒரு கிழங்கு விருந்தாளியாகவே இருக்கலாம் என்பதை இவ்வளவு மரியாதையாக வேறு எந்தச் சட்டமும் சொன்னதில்லை.

ஐரோப்பாவிலும் அது எளிதாக உள்ளே நுழைந்துவிடவில்லை. குஷ்டம் வரும் என்று பயந்த பிரான்ஸ் தேசத்தில் 1748இல் அதைப் பயிரிடுவதே தடைசெய்யப்பட்டிருந்தது. ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டு, அங்கே கிழங்கையே தின்று பிழைத்துத் திரும்பிய பார்மாந்தியே என்னும் இராணுவ மருந்தாளர் அதற்காக வாதாடியதன் பின், 1772இல்தான் பாரீஸ் வைத்தியர் சபை அதை உண்ணத் தக்கதென்று தீர்ப்பளித்தது. கொத்திய இறைச்சியின்மேல் மசித்த கிழங்கைப் போர்த்தும் இதே பண்டத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் அந்த மனிதரின் பெயராலேயே ஆஷி பார்மாந்தியே என்று அழைத்து அவர் கடனைத் தீர்த்துக்கொண்டார்கள். தஞ்சையிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் எட்டிவிடும் காரைக்காலில் 1739 முதல் 1954 வரை அவர்களே ஆண்டார்கள். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர், கோட்டைக்குள் மராத்தியர், அவர் தலைமேல் ஆங்கிலேயர் என்று இந்தச் சிறு படுகை எத்தனை அடுப்புகளின் புகையைப் பார்த்திருக்கிறது!

இனிச் செய்முறைக்கு வருவோம். கறிக்கடையில் கொத்துக்கறி என்று கேட்டவுடனே, “பொடிக்கொத்தா, பெருங்கொத்தா சார்?” என்று வரும் கேள்விக்கு விடை தயாராக இருக்கவேண்டும். இந்தப் பண்டத்துக்குப் பொடிக்கொத்தே ஏற்றது. ஆனால் இயந்திரத்தில் விட்டு அரைத்தது வேண்டாம். புளியமரக் கட்டையின்மேல் கத்தியால் கொத்தியதில், நசுங்காத சிறு துணுக்குகள் தனித்தனியே நிற்கும். அரைத்ததோ சட்டியில் பட்டவுடன் ஒரே கட்டியாகத் திரண்டுவிடும். வெள்ளாட்டுக் கறியில் கொழுப்புக் குறைவு. செம்மறியின் தொடையும் சிறிது கொழுப்பும் கலந்திருப்பது நலம். அரைக்கிலோ கறி நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் போதும். அதற்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் கிழங்கு.

கறியை வதக்குவதில் பொறுமை தேவை. இருப்புச்சட்டி நன்றாகக் காய்ந்த பின்னரே கறியைப் போடவேண்டும். அதுவும் ஒரேயடியாகக் கொட்டாமல், அடி முழுவதும் பரவும் அளவுக்குப் போட்டு, அது விட்ட நீர் சுண்டி, சிவந்து, சட்டியில் ஒட்டத் துவங்கும்வரை கிளறாமல் விடவேண்டும். அந்த ஒட்டலில்தான் சுவை இருக்கிறது. கறியை எடுத்துவிட்டு, அதே கொழுப்பில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, காரட் இவற்றை வதக்கி, ஒரு கரண்டி மைதாவைத் தூவிப் புரட்டி, எலும்புச் சாற்றையோ வெந்நீரையோ ஊற்றி, ஒட்டியதைச் சுரண்டிக் கரைத்து, கறியைத் திரும்பச் சேர்த்து மூடிவைத்து, அரைமணி நேரத்துக்கு மேல் மெல்ல வேகவிடவேண்டும். ஆங்கிலேயர் இதில் ஒருவகைக் காடிச் சாற்றை விடுவார்கள். என் வீட்டில் மிளகும், இரண்டு கிராம்பும், துளி புளித்தண்ணீரும் அந்த வேலையைச் செய்கின்றன. கரண்டியால் ஒரு கோடு கிழித்தால் அக்கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்கவேண்டும். குழம்பாக இருந்தால் மேலே வைக்கும் கிழங்கு அதில் அமிழ்ந்துபோகும்.

கிழங்கு வாங்கும் இடத்தில் தஞ்சாவூர்க்காரனுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. புது அரிசி குழையும், பழைய அரிசி பொலபொலவென்று உதிரும் என்ற பாடத்தைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றவன் அவன். கிழங்கிலோ அந்த நியதி அப்படியே தலைகீழ். இளங்கிழங்கு எவ்வளவு வெந்தாலும் மெழுகுபோல் உருக்குலையாமல் நிற்கும். முற்றிய கிழங்கே மாவாக உதிரும். மசிப்பதற்கு முற்றியதே தகும். “ஊட்டியா, ஆக்ராவா?” என்று கேட்டால், “ஊட்டிதான் சார், செம்மண் ஒட்டியிருக்கு பாருங்க” என்பார் கடைக்காரர். குளிர்பதனக் கிடங்கில் நெடுங்காலம் கிடந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். அதை மசித்தால் இலேசான தித்திப்புத் தட்டும், மேற்புறமும் வேகுமுன்பே கருகும். ஆகவே மண் ஒட்டியிருக்கிறதா என்ற விசாரணை அற்பமானதன்று.

மசித்தல் என்ற கட்டம் வரும்போதுதான், ஏட்டில் எழுதாத பகுதி துவங்குகிறது. தோலோடு வேகவைத்து, சூடு ஆறுமுன் உரித்து, வெறும் சட்டியில் ஒரு நிமிஷம் புரட்டி ஆவியைப் போக்கி, பிறகு மத்தாலோ கரண்டியின் அடியாலோ மசிக்கவேண்டும். வெண்ணெய் முதலில், காய்ச்சிய சூடான பால் பிறகு, உப்புக் கடைசியில். அவசரக்காரர்கள் மிக்ஸியில் போட்டுவிடுகிறார்கள். கத்தி சுழலும்போது கிழங்கின் நுண்ணறைகள் கிழிந்து உள்ளிருக்கும் வெந்த மாவு வெளியே வழிந்து எல்லாம் பசையாகிவிடும். அந்தப் பசையால் போஸ்டர் ஒட்டலாம், உண்ண முடியாது. இந்தக் காரணத்தைப் புத்தகத்தில் படித்துத்தான் மேல்நாட்டுக் கற்றுக்குட்டி தெரிந்துகொள்கிறான். நெல்நாட்டில் பிறந்தவனுக்கோ மாவுச்சத்தின் குணபேதங்கள் பழைய பரிச்சயம். வெண்பொங்கலைக் கரண்டியால் மசிப்பதற்கும் கடைவதற்கும் உள்ள வேற்றுமை, குழந்தைக்குப் பருப்புச் சோற்றை விரல்நுனியால் பிசைவதற்கும் பிண்டம் பிடிப்பதற்காக உள்ளங்கையால் அழுத்துவதற்கும் உள்ள வேற்றுமை, கொழுக்கட்டை மாவைச் சூடு தணியுமுன் கிளறவேண்டிய நிதானம் — இவையெல்லாம் அவன் சமைக்கத் தெரியாதவனாக இருந்த காலத்திலேயே கண்ணாலும் கையாலும் அவனுக்குள் இறங்கியிருக்கின்றன. அடுப்படியில் கற்றுக்குட்டியாக இருக்கலாம். மாவுச்சத்தின் விஷயத்தில் காவிரிக் கரையில் கற்றுக்குட்டி எவனும் பிறப்பதில்லை.

இனி வேலை சுலபம். கண்ணாடிப் பாத்திரத்தில் கறியைப் பரப்பிச் சிறிது ஆறவிட்டு, மசித்ததை நடுவில் கொட்டாமல் ஓரங்களிலிருந்து உள்நோக்கிப் பூசிவரவேண்டும். விளிம்பு நன்றாக அடைபடாவிட்டால் கீழே கொதிக்கும் சாறு பக்கவாட்டில் பொங்கி மேலேறிவிடும். மேற்பரப்பை முள்கரண்டியால் உழுதுவிட்டால், வரப்பு வரப்பாக நிமிர்ந்த இடங்கள் முதலில் சிவக்கும். 200 டிகிரிச் சூட்டில் அரைமணி நேரம். ஓவன் இல்லாத வீட்டில், பிரியாணிக்குத் தம் போடுவது போலவே, கனத்த பாத்திரத்தை மெல்லிய தீயில் வைத்து மூடியின்மேல் தணல் பரப்பலாம். சரபோஜியின் மடைப்பள்ளியிலும் மின்சாரம் இருந்ததில்லையே. இறக்கியவுடன் வெட்டக்கூடாது. பத்து நிமிஷம் பொறுத்தால் துண்டுகள் நிற்கும்.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1878இல் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் மதராஸ் வாசிகளுக்காக எழுதிய சமையல் நூலில், துரைசானிக்கும் ‘இராமசாமி’ என்ற பொதுப்பெயரால் அவர் குறிக்கும் சமையற்காரனுக்கும் இடையே நடக்கும் ஓயாத தர்க்கத்தைப் படித்தால், அங்கே இருப்பது எஜமானியும் வேலைக்காரனும் அல்லர், இரண்டு கற்றுக்குட்டிகளே என்பது புலப்படும்: அவளுக்கு இந்த ஊர் அடுப்புத் தெரியாது, அவனுக்கு அந்த ஊர்ச் சுவை தெரியாது. 1951இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டபோது, பெரியவர்கள் துணையில்லாமல் வெளியூரில் குடித்தனம் நடத்தவேண்டிய இளம்பெண்களே அவர் கண்முன் இருந்தார்கள். கூட்டுக்குடும்பம் கலையத் துவங்கிய காலத்தின் தஸ்தாவேஜு அது என்றே நான் கருதுகிறேன். அந்நூலில் மாமிசத்துக்கு இடமில்லை. ஆயினும், எதையும் தெரிந்ததாகப் பாவிக்காமல் படிப்படியாகச் சொல்லும் அதன் தோரணை, எந்தப் பண்டத்தைக் கற்கிறவனுக்கும் உபயோகமானது.

வீட்டில் என்ன தீர்ப்புக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதை மேஜையில் வைத்தபோது, விருந்துக்கு வந்திருந்த என் மூத்த சகோதரி ஒரு துண்டை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. சோத்த எப்ப போடப்போற?” என்று கேட்டார். ஆங்கிலேயனுக்குச் சோற்றின் ஸ்தானத்தில் இருப்பது இந்தக் கிழங்குதான் என்று நான் விளக்க முற்பட்டேன். “அது அவுங்களுக்கு” என்று அவர் முடித்துவிட்டார். கிழங்கு நமக்குத் தொடுகறி. தொடுகறியைத் தின்று பசியாறுவது படுகையில் வழக்கமில்லை. சோறு வடிக்கப்பட்டது, மிளகு ரசம் வைக்கப்பட்டது, பையும் இலையின் வலப்பக்கத்து மேல்மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. எஞ்சியதை மறுநாள் உருண்டை பிடித்துத் தட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தார். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் பொட்டேட்டோ சாப் என்று செய்வார்களே, கிழங்குக்குள் கறியைப் பொதிந்து, அதற்கு மிக அருகில் அது வந்துவிட்டது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதானால் உப்பும் மிளகும் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கவேண்டும், பாலைக் குறைத்துக் கிழங்கை இறுக்கமாக மசிக்கவேண்டும் என்பவை அவர் சொன்ன திருத்தங்கள். இரண்டையும் என் குறிப்பேட்டில், ஆங்கில அளவுகளுக்குப் பக்கத்து ஓரத்தில், தமிழில் எழுதிவைத்திருக்கிறேன்.